இராபர்ட் காக்ரேன்

இராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் (ஆகஸ்ட் 11, 1899 – 1985) தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பிரித்தானிய மருத்துவர் ஆவார். சீனாவில் பிறந்த இவர் தம் வாழ்நாளின் முக்கியமான ஆண்டுகளைத் தமிழ்நாட்டில் கழித்தார். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் அமைந்திருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவராகவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். இன்று டாப்சோன் என்று அறியப்படும் மருந்தைத் தொழுநோய்க்கு நேரடியாகப் பயன்படுத்திப் பார்த்த முதல் மருத்துவர்களுள் ஒருவர்.

தொழுநோயைத் தனி இல்லங்களுக்குள் அடைத்து வைக்க வேண்டிய ஒன்றாக மருத்துவ உலகமே கருதிய காலத்தில், அது தோலிலும் நரம்பிலும் தெளிவான அடையாளங்களைக் காட்டும் ஒரு தொற்றுநோய் என்றும், முறையான பயிற்சி பெற்ற எந்த மருத்துவரும் அதைக் கண்டறிய இயலும் என்றும் காக்ரேன் வலியுறுத்தி வந்தார். அவருடைய ஆய்வுகள், நூல்கள், கற்பித்தல் ஆகிய அனைத்துக்கும் இக்கருத்தே அடிப்படையாக இருந்தது.

இளமையும் கல்வியும்

காக்ரேனின் தந்தை தாமஸ் காக்ரேன், இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சீனாவில் பணியாற்றிய மருத்துவர். 1900 ஆம் ஆண்டு வட சீனாவில் வெளிநாட்டினருக்கு எதிராக எழுந்த பாக்சர் கிளர்ச்சியின்போது அக்குடும்பம் தாம் வாழ்ந்த ஊரை விட்டுத் தப்பிச் செல்ல நேர்ந்தது. அப்பொழுது இராபர்ட் கைக்குழந்தை. கிளர்ச்சி அடங்கிய பின்னர் தாமஸ் காக்ரேன் பீக்கிங் நகருக்குத் திரும்பி, சீன மாணவர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி ஒன்றை நிறுவினார். அதுவே பின்னாளில் பீக்கிங் ஒன்றிய மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. மருத்துவமனை ஒன்றை நடத்துவதுடன் உள்ளூர் மருத்துவர்களை உருவாக்கவும் வேண்டும் என்ற தந்தையின் வழி, மகனின் பிற்காலப் பணியிலும் காணப்படுகின்றது.

இராபர்ட் காக்ரேன் இசுக்கொட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1920களின் நடுப்பகுதியில் பட்டம் பெற்ற பின்னர், தொழுநோயாளருக்காகப் பணியாற்றி வந்த மிஷன் அமைப்பில் இணைந்து இந்தியாவுக்கு வந்தார்.

பின்னணி: அக்காலத்தில் தொழுநோய்

தமிழில் இந்நோய்க்குக் குட்டம், பெருநோய், தொழுநோய் முதலிய பெயர்கள் வழங்கி வந்துள்ளன. முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்றும், பரம்பரை நோய் என்றும் மக்கள் நம்பினர். 1873 ஆம் ஆண்டு நோர்வே நாட்டு மருத்துவர் கெரார்டு ஆர்மவர் ஆன்சன் நோயாளரின் திசுக்களில் கோல் வடிவ நுண்ணுயிர்களைக் கண்டு, அவையே நோய்க்குக் காரணம் என்று எடுத்துக் கூறினார். இந்நுண்ணுயிர் மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்று அழைக்கப்படுகின்றது. காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் உறவினமான இதை ஆய்வகத்தின் செயற்கை ஊடகங்களில் வளர்க்க இன்றுவரை இயலவில்லை. தொற்று ஏற்பட்டு அறிகுறிகள் வெளிப்பட சில ஆண்டுகள், சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகும். இக்காரணங்களால் இந்நோயை ஆராய்வது மிகவும் கடினமாக இருந்தது.

பிரித்தானிய இந்தியாவில் 1898 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், ஆதரவற்ற நோயாளரைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வகை செய்தது. காப்பகங்களில் உணவும் உறைவிடமும் கிடைத்தன. மருத்துவம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து என்று வழங்கும் விதையும் அதன் இனத்தைச் சேர்ந்த மரங்களின் எண்ணெயும் நெடுங்காலமாகத் தோல் நோய்களுக்குப் பயன்பட்டு வந்தன. இவ்வெண்ணெயை ஊசி வழியாகச் செலுத்தும் முறையை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை மருத்துவர்கள் உருவாக்கினர். கொல்கத்தாவில் லியோனார்டு ராஜர்சும், அவருக்குப் பின் எர்னஸ்ட் மூரும் இதில் முன்னணியில் இருந்தனர். ஊசி போட்ட இடம் வீங்கி வலித்தது. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் போட வேண்டியிருந்தது. தொடக்க நிலை நோயாளர் சிலருக்கு முன்னேற்றம் காணப்பட்டாலும் முற்றிய நிலையில் இருந்தோருக்குப் பயன் இல்லை.

பன்னாட்டுப் பணிகள்

இந்தியாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னர் காக்ரேன் இலண்டன் திரும்பி, பிரித்தானியப் பேரரசின் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் மருத்துவச் செயலாளரானார். இச்சங்கம் இன்று லெப்ரா என்ற பெயரில் இயங்குகின்றது. 1930 ஆம் ஆண்டு இச்சங்கம் தொடங்கிய லெப்ரசி ரிவியூ என்ற மருத்துவ இதழின் தொடக்க கால ஆசிரியர் காக்ரேனே. இவ்விதழ் இன்றும் வெளிவருகின்றது.

1931 ஆம் ஆண்டு பிலிப்பீன்சின் மணிலா நகரில் பல நாடுகளின் தொழுநோய் மருத்துவர்கள் கூடினர். நோயை வகைப்படுத்துதல், பயன்படுத்தும் சொற்களை ஒழுங்குபடுத்துதல், மருத்துவ முடிவுகளை ஒப்பிடுதல் ஆகியன குறித்துப் பேசிய அக்கூட்டத்தில் பன்னாட்டுத் தொழுநோய்க் கழகம் உருவாயிற்று. இதன் தொடக்கத்தில் பங்காற்றியவர்களுள் காக்ரேனும் ஒருவர். அதுவரை ஒவ்வொரு நாட்டு மருத்துவரும் ஒரே நோய்நிலையை வெவ்வேறு பெயரால் குறித்து வந்தனர். இதனால் ஓரிடத்தில் பயன் தந்ததாகக் கூறப்பட்ட மருந்தை மற்றோர் இடத்தில் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது.

செங்கற்பட்டில்

1930களின் நடுப்பகுதியில் காக்ரேன் மீண்டும் இந்தியாவுக்கு வந்து, செங்கற்பட்டு லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்றார். சென்னை மாகாண ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் 1920களில் நிறுவப்பட்ட இம்மருத்துவமனையை இசுக்கொட்லாந்து திருச்சபையின் மிஷன் நடத்தி வந்தது. நோயாளர் வாழும் குடியிருப்புகள், தோட்டங்கள், கைத்தொழிற் கூடங்கள் ஆகியவற்றைக் கொண்ட பெரிய வளாகம் அது.

காக்ரேனின் காலத்தில் செங்கற்பட்டு, நோயாளரைப் பராமரிக்கும் இல்லம் என்ற நிலையிலிருந்து ஆய்வும் பயிற்சியும் நடைபெறும் நிலையமாக வளர்ந்தது. சென்னை மாகாணத்தின் தொழுநோய்த் தடுப்புப் பணிகளிலும் அவர் ஆலோசகராகப் பங்கேற்றார். தென்னிந்தியாவில் அக்காலத்தில் நோயாளரின் எண்ணிக்கை மிகுதி. அவர்கள் அனைவரையும் காப்பகங்களில் சேர்ப்பது இயலாத காரியம். ஊர்களிலேயே மருத்துவம் அளிக்க வேண்டும், நோயைப் பரப்பக்கூடியவர் யார், பரப்பாதவர் யார் என்று பிரித்தறிய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இவ்வாறு பிரித்தறிவதற்கு நோயறிதல் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

பிற்காலத்தில் இந்தியத் தொழுநோய்ப் பணியின் முக்கிய அமைப்பாளராக விளங்கிய தி. நா. ஜகதீசன், காக்ரேனிடம் மருத்துவம் பெற்றவர். ஆங்கில ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்த இவர் தாமே தொழுநோயால் பாதிக்கப்பட்டவர் என்பதை வெளிப்படையாகக் கூறினார். காக்ரேனின் நட்பும் ஊக்கமும் இவரைப் பொதுப்பணிக்கு அழைத்து வந்தன. காந்தி தமது நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் தொண்டையும் சேர்த்த 1940களில், மருத்துவரும் நோயுற்றவரும் இணைந்து பணியாற்ற இயலும் என்பதற்கு இவர்களது நட்பு எடுத்துக்காட்டாக இருந்தது.

நோயறிதலில் காக்ரேனின் அணுகுமுறை

தொழுநோய் என்று ஒருவருக்குப் பெயர் சூட்டிவிட்டால் அவரது வேலை, திருமணம், குடும்பம் ஆகிய அனைத்தும் பாதிக்கப்படும். எனவே ஐயத்தின் அடிப்படையில் அப்பெயரைச் சூட்டலாகாது. மறுபுறம், நோய் இருந்தும் கண்டறியத் தவறினால் நரம்புகள் சிதைந்து கை கால்கள் முடங்கும், பிறருக்கும் தொற்றும். இவ்விரு தவறுகளையும் தவிர்க்கும் வகையில் பரிசோதனை முறையாக நடைபெற வேண்டும் என்பதைக் காக்ரேனின் நூல்கள் விரிவாக விளக்குகின்றன. தொழுநோய் மருத்துவத்தில் முதன்மை அடையாளங்களாக மூன்று கொள்ளப்படுகின்றன.

1. உணர்ச்சியற்ற தோல் திட்டு: இயல்பான நிறத்தைவிட வெளிறியோ சிவந்தோ காணப்படும் திட்டில் தொடு உணர்வு, வெப்ப உணர்வு, வலி உணர்வு ஆகியன குறைந்திருத்தல். நோயாளர் கண்களை மூடிக்கொள்ள, மருத்துவர் பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் சுட்டிக்காட்டச் சொல்வார். வெந்நீரும் தண்ணீரும் நிரப்பிய சோதனைக் குழாய்களாலும் சோதிப்பதுண்டு.

2. தடித்த நரம்புகள்: முழங்கையின் உட்புறம், கழுத்தின் பக்கவாட்டு, முழங்காலின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளை விரலால் உருட்டிப் பார்த்தால் அவை கயிறு போலத் தடித்திருப்பதை உணரலாம். இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

3. நுண்ணுயிர்கள்: காது மடல் அல்லது திட்டின் விளிம்பில் சிறு கீறலிட்டு, திசுநீரைச் சுரண்டி எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தல்.

இவற்றுள் ஒன்றேனும் உறுதியாகக் காணப்படாதவரை தொழுநோய் என்று முடிவு செய்யக்கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நுண்ணுயிர்கள் மிகுதியாக உள்ள, அதாவது பிறருக்கு எளிதில் தொற்றக்கூடிய வகையில், தொடக்கத்தில் திட்டுகள் மங்கலாகவும் உணர்ச்சி குன்றாமலும் இருக்கலாம். தோல் சற்றே மினுமினுப்பாகத் தடித்திருப்பது மட்டுமே அடையாளமாக இருக்கும். உணர்ச்சியை மட்டும் சோதிக்கும் மருத்துவர் இவர்களைத் தவறவிட்டுவிடுவார். ஆகவேதான் மூன்று சோதனைகளும் தேவைப்படுகின்றன.

வெளிறிய திட்டுகள் எல்லாம் தொழுநோய் அல்ல. பூஞ்சையால் வரும் தேமல், படர்தாமரை, குழந்தைகளின் முகத்தில் தோன்றும் வெளிறிய படைகள், தோல் நிறமிகள் அழிவதால் ஏற்படும் வெண்புள்ளி ஆகியவற்றைத் தொழுநோயிலிருந்து வேறுபடுத்தி அறியத் தோல் மருத்துவப் பயிற்சி வேண்டும். தமிழில் வெண்புள்ளிக்கு வெண்குட்டம் என்ற பெயரும் வழங்கி வந்ததால், தொழுநோயோடு எத்தொடர்பும் இல்லாத அந்நிலை உடையவர்களும் தேவையின்றி ஒதுக்கப்பட்டனர். தொழுநோய் மருத்துவரும் தோல் மருத்துவரும் தனித்தனியே இயங்கினால் இத்தகைய பிழைகள் மிகும்.

குழந்தைகளின் நோய்

குழந்தைகளிடம் தோன்றும் தொழுநோய் குறித்துக் காக்ரேன் சிறப்பாகக் கவனம் செலுத்தினார். சென்னை சைதாப்பேட்டையில் இயங்கிய வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவ நிலையம் இத்துறையில் பல ஆண்டுத் தரவுகளை அளித்தது. நுண்ணுயிர்களை மிகுதியாக வெளியிடும் நோயாளரோடு ஒரே வீட்டில் வாழும் குழந்தைகளே பெரிதும் ஆபத்துக்குள்ளாகின்றனர் என்பதை இவ்வகை ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பெற்றோருக்கு நோய் இருப்பதால் மட்டும் குழந்தைக்கு நோய் வருவதில்லை, அது பிறப்பால் வருவதன்று என்பதற்கும் இவை சான்றாயின.

குழந்தைகளிடம் காணப்படும் சில தொடக்க நிலைத் திட்டுகள் மருந்தின்றியே மறைந்துவிடுவதும் அறியப்பட்டது. இதனால் இருவகைப் பயன் விளைந்தது. ஒன்று, திட்டு கண்டவுடன் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காப்பகத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் தேவையற்றது என்பது தெளிவாயிற்று. மற்றொன்று, ஒரு மருந்தைக் கொடுத்துக் குழந்தை குணமடைந்தால் அது மருந்தால் மட்டுமே விளைந்தது என்று சொல்ல இயலாது என்ற எச்சரிக்கை ஆய்வாளருக்குக் கிடைத்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி

வேலூரில் ஐடா ஸ்கடர் 1918 ஆம் ஆண்டு பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கு உரிமம் பெற்ற மருத்துவர் என்ற தகுதிக்கான படிப்பு கற்பிக்கப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு அப்படிப்பை நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பை மட்டுமே ஏற்பது என முடிவு செய்தது. பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர வேண்டுமாயின் உயர்கல்வித் தகுதி பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள் ஆகியன தேவை. இவற்றைத் திரட்ட இயலாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

இந்நெருக்கடியில் 1944 ஆம் ஆண்டு காக்ரேன் முதல்வர் பொறுப்பை ஏற்றார். செங்கற்பட்டுப் பணியையும் அவர் விடவில்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு ஊர்களுக்கும் இடையே பயணம் செய்து இரு பொறுப்புகளையும் கவனித்தார். உலகப்போர் காலமாகையால் வெளிநாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைப்பது அரிதாக இருந்தது. போர் முடிந்ததும் இலண்டன் சென்று தகுதியுள்ள மருத்துவர்களைத் தேடினார். அவ்வாறு அழைத்து வரப்பட்டவருள் ஒருவர், கொல்லிமலையில் பிறந்து இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட். போருக்குப் பிந்திய கட்டாயப் பணியிலிருந்து பிராண்டை விடுவித்து வேலூருக்கு அனுப்புமாறு உரிய குழுவிடம் காக்ரேன் வற்புறுத்திப் பேசினார். 1946 ஆம் ஆண்டு பிராண்ட் வேலூர் வந்து சேர்ந்தார்.

1947 ஆம் ஆண்டு முதல் கல்லூரியில் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். காக்ரேன் 1948 வரை முதல்வராக இருந்தார். கல்லூரி மூடப்படாமல் பட்டப்படிப்புக் கல்லூரியாக நிலைபெற்றது அவரது நிர்வாகப் பணியின் பெரும் பயன் ஆகும்.

கைகளைப் பற்றிய கேள்வி

1947 ஆம் ஆண்டு பால் பிராண்ட் செங்கற்பட்டைக் காணச் சென்றார். காக்ரேன் அவரை அழைத்துச் சென்று, நோயாளரின் தோலில் காணப்படும் திட்டுகளையும் மாற்றங்களையும் ஒவ்வொன்றாக விளக்கினார். பிராண்டின் கவனம் நோயாளரின் கைகளில் சென்றது. விரல்கள் மடங்கி நகம் போல் வளைந்திருந்தன. பலருக்கு விரல்கள் குறுகிப் போயிருந்தன. இவை ஏன் இவ்வாறு ஆகின்றன, இவற்றுக்கு என்ன செய்யப்படுகின்றது என்று பிராண்ட் வினவினார். தாம் தோல் மருத்துவர் என்றும், கைகளைப் பற்றித் தமக்குத் தெரியாது என்றும் காக்ரேன் ஒப்புக்கொண்டார். இத்தனை பேரை முடமாக்கும் நோயாக இருந்தும் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் எவரும் இதனை ஆராய முன்வரவில்லை என்றும் எடுத்துரைத்தார்.

அங்கேயே ஒரு நோயாளரின் வளைந்த கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. கையின் தசைகள் எல்லாம் செயலிழக்கவில்லை, சில மட்டுமே முடங்கியுள்ளன என்பது அதனால் தெரிந்தது. நலமாக உள்ள தசைகளின் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைப் பிராண்ட் 1948 இல் வேலூரில் தொடங்கினார். விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்ற நெடுநாள் நம்பிக்கை தவறு என்பதையும் அவரது குழு கண்டறிந்தது. வலி உணர்வு இல்லாமையால் ஏற்படும் தீப்புண்களும் காயங்களும் கவனிக்கப்படாமல் போவதே விரல்களை இழக்கக் காரணம்.

தம் துறையின் எல்லையை மறைக்காமல் கூறிய ஒரு மருத்துவரின் பதிலிலிருந்து தொழுநோய் மறுசீரமைப்பு அறுவை மருத்துவம் தொடங்கியது எனலாம். பின்னர் வேலூருக்கு அருகே காரிகிரியில் 1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சீப்லின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை இப்பணியின் மையமாயிற்று.

சல்போன் மருந்துகள்

1941 ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், கை ஃபேஜட் தலைமையில் புரோமின் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. நீரடிமுத்து எண்ணெயால் பயன் பெறாத முற்றிய நோயாளரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. தொழுநோய் மருத்துவ வரலாற்றில் இது பெரும் திருப்பம். எனினும் புரோமினை நாள்தோறும் சிரை வழியாகச் செலுத்த வேண்டும். விலையும் அதிகம். சில நூறு பேர் வாழும் கார்விலுக்கு அது பொருந்தும். இலட்சக்கணக்கான நோயாளரைக் கொண்ட இந்தியாவுக்குப் பொருந்தாது.

புரோமின், டையசோன் முதலிய மருந்துகள் அனைத்துக்கும் தாய்ச்சேர்மம் ஒன்றுதான். அதுவே டாப்சோன். 1908 ஆம் ஆண்டு செருமனியில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட எளிய, மலிவான வேதிப்பொருள் இது. பிற தொற்றுநோய்களுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது நச்சுத்தன்மை மிகுந்து காணப்பட்டதால் மனிதருக்கு ஏற்றதன்று என்று ஒதுக்கி வைத்திருந்தனர். மாடுகளின் மடிவீக்க நோய்க்குக் கால்நடை மருத்துவத்தில் இது பயன்பட்டு வந்தது.

1940களின் பிற்பகுதியில் காக்ரேனும் அவருடன் பணியாற்றிய கே. இராமானுசம் முதலிய மருத்துவர்களும் செங்கற்பட்டில் இத்தாய்ச்சேர்மத்தை எண்ணெயில் கலந்து, தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்திப் பார்த்தனர். வாரத்தில் இரு முறை போட்டால் போதுமானதாக இருந்தது. விலையுயர்ந்த வழிப்பொருள்கள் தந்த பயனை இம்மலிவான மருந்தும் தந்தது. அவர்களது முடிவுகள் 1949 ஆம் ஆண்டு லெப்ரசி ரிவியூ இதழில் வெளியாயின.

இச்சோதனைகள் இடர் நிறைந்தவை. தொடக்கத்தில் பயன்படுத்திய அளவுகள் பிற்கால அளவுகளைவிட மிகவும் அதிகம். குருதிச்சோகை, தோல் தடிப்பு, திடீரெனக் காய்ச்சலுடன் கூடிய தொழுநோய் எதிர்வினைகள் ஆகியன தோன்றக்கூடும் என்பதால் நோயாளரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருந்தது. நைசீரியாவின் உசுவாகோலியில் பணியாற்றிய ஜான் லோவ், அதே மருந்தைச் சிறு அளவில் மாத்திரையாக வாய்வழி கொடுத்தாலே போதும் என்று அடுத்து நிறுவினார். ஊசியைவிட மாத்திரை எளியது, மலிவானது. உலகம் முழுவதும் அம்முறையே பரவியது. ஆயினும், நச்சு என்று ஒதுக்கப்பட்ட தாய்ச்சேர்மத்தைத் தொழுநோயாளர் தாங்கிக்கொள்வர் என்பதைக் காட்டி வழிதிறந்தவை செங்கற்பட்டு போன்ற இடங்களில் நடைபெற்ற சோதனைகளே.

மாத்திரை வந்த பின்னர் நோயாளரைக் காப்பகத்தில் வைத்திருக்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்தது. 1955 ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் தொடங்கிய மையம், சாலையோர மரத்தடிகளிலேயே ஊர் ஊராக மருத்துவம் அளித்தது.

இலண்டன் தொழுநோய் ஆய்வு மையம்

1950களின் தொடக்கத்தில் காக்ரேன் இங்கிலாந்து திரும்பினார். பிரித்தானிய நலவாழ்வு அமைச்சகத்தின் தொழுநோய் ஆலோசகராகப் பணியாற்றினார். இலண்டன் விம்போல் தெருவில் தொழுநோய் ஆய்வு மையம் ஒன்றை உருவாக்கினார். பல நாட்டு மருத்துவர்கள் தம் நோயாளரின் தோல் திசுத் துண்டுகளை இங்கு அனுப்புவர். அவை சாயமேற்றப்பட்டு ஆராயப்பட்டு, முடிவு அனுப்பிய மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும். திசு ஆய்வு வசதியற்ற தொலைதூர மருத்துவமனைகளுக்கு இது பேருதவியாக இருந்தது. அதே வேளையில், உலகின் பல பகுதிகளில் நோய் எடுக்கும் வடிவங்களை ஒப்பிட்டுக் கற்கவும் கற்பிக்கவும் வல்ல பெரும் தொகுப்பு ஒன்று உருவாயிற்று. 1966 ஆம் ஆண்டு இம்மையத்தின் பொறுப்பு ஸ்டான்லி பிரவுன் என்ற மருத்துவரிடம் சென்றது.

நூல்கள்

காக்ரேன் எழுதிய தொழுநோய் செயல்முறைப் பாடநூல் 1947 ஆம் ஆண்டு வெளிவந்தது. செங்கற்பட்டு அனுபவங்களின் அடிப்படையில் எழுதப்பட்ட இந்நூல், மாணவரையும் பொது மருத்துவரையும் கருத்தில் கொண்டது. பல அறிஞர்களின் கட்டுரைகளைத் தொகுத்து அவர் பதிப்பித்த தொழுநோய்: கோட்பாடும் நடைமுறையும் என்ற பெருநூல் 1959 இல் வெளியானது. ஃபிராங்க் டேவியுடன் இணைந்து பதிப்பித்த இரண்டாம் பதிப்பு 1964 இல் வந்தது. நுண்ணுயிரியல், திசுநோயியல், தோல் அறிகுறிகள், நரம்பு, கண், அறுவை மருத்துவம், மறுவாழ்வு ஆகிய அனைத்தையும் ஒருங்கே கொண்ட இந்நூல் நெடுங்காலம் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது.

பிற்காலமும் மறைவும்

1964 ஆம் ஆண்டு தொழுநோய்ப் பணிக்கான டேமியன் டட்டன் விருது காக்ரேனுக்கு வழங்கப்பட்டது. முதிய வயதிலும் ஓய்ந்திருக்காமல் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தொழுநோய் மருத்துவமனைகளில் பணியாற்றினார். 1985 ஆம் ஆண்டு தம் 80களின் நடுப்பகுதியில் காலமானார்.

தாக்கம்

காக்ரேன் பணியாற்றிய லேடி வெலிங்டன் மருத்துவமனையையும் சைதாப்பேட்டைக் குழந்தைகள் நிலையத்தையும் 1955 ஆம் ஆண்டு இந்திய அரசு ஏற்றது. அவை மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாயின. திருமணியில் அமைந்த இந்நிறுவனத்தில் மருத்துவர்களும் மருத்துவம் சாராப் பணியாளர்களும் பயிற்சி பெற்று நாடெங்கும் சென்றனர். காப்பகமாகத் தோன்றிய ஓரிடம் தன் பெயரிலேயே பயிற்சி என்ற சொல்லைக் கொண்டது குறிப்பிடத்தக்கது.

டாப்சோனை மட்டும் தனித்துக் கொடுத்ததால் நுண்ணுயிர்கள் அதனை எதிர்க்கும் ஆற்றல் பெற்றன. 1964 ஆம் ஆண்டு மலேசியாவில் இது உறுதி செய்யப்பட்டது. எனவே டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகிய மருந்துகளை இணைத்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையை 1980களின் தொடக்கத்தில் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்தது. இக்கூட்டில் டாப்சோன் இன்றும் இடம் பெற்றுள்ளது. வகைக்கு ஏற்ப 6 அல்லது 12 மாதங்களில் மருத்துவம் நிறைவடைகின்றது. மருந்து இலவசமாக வழங்கப்படுகின்றது.

2005 ஆம் ஆண்டின் இறுதியில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா தேசிய அளவில் எட்டியது. இது நோய் முற்றிலும் ஒழிந்ததைக் குறிக்காது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில்தான் உள்ளனர். நோயாளர் எண்ணிக்கை குறையும்போது, அந்நோயை நேரில் கண்டு பழகிய மருத்துவர்களின் எண்ணிக்கையும் குறைகின்றது. உணர்ச்சியற்ற ஒரு திட்டைத் தேமல் என்று கருதிக் களிம்பு கொடுத்து அனுப்பினால், நரம்பு சிதையும்வரை நோய் வெளிப்படாமல் போகலாம். எனவே பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையின் தேவை இன்றும் குறையவில்லை.

1898 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016 இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் கொள்ளும் சட்டப்பிரிவுகள் 2019 இல் நீக்கப்பட்டன. இந்தியாவில் தோல் மருத்துவ மேற்படிப்பு, தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய ஒரே துறையாகக் கற்பிக்கப்படுகின்றது. தோல் மருத்துவர் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் தொழுநோயையும் கற்றே வெளிவருகின்றனர். அரசுப் பொது மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் பிற நோயாளரோடு ஒரே வரிசையில் தொழுநோயாளரும் அமர்ந்து மருத்துவம் பெறுகின்றனர். காக்ரேன் செங்கற்பட்டில் பொறுப்பேற்ற காலத்தில் இத்தகைய ஒரு வரிசையைக் காண்பது அரிது.